தயிர்ச் சட்டியில் ஒளித்த ஆப்பிள்கள்

தம்பி,

நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய டூலிப் கிழங்குகளைக் கெடுத்தது உன் மனைவி இல்லை. உன் அப்பாவான நான். கிழங்கு இருந்த மின்சார ஐஸ்பெட்டிக்குள் பழம் வைக்கக் கூடாது என்று தெரிந்தே ஒன்பது ஆப்பிளை அதற்குள் ஒளித்து வைத்தேன். பிறகு, யாராவது பழம் வைத்தீர்களா என்று நீ போனில் கேட்டபோது, இல்லை என்று நீ எடுத்துக்கொள்ளும்படி பேசினேன். நீ அவளைத் திட்டினாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இன்சீனில் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். நான் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, நகலைக் கோவிலின் பங்குனி உத்திர மலரில் போடவும் கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று நீ கோபப்படுவாய். பொய்யை நான் ஊருக்குத்தான் சொன்னேன். கோவில் மடப்பள்ளி வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த நாலு பேரிடம், "அந்தப் பொண்ணுக்கு ஒரு ஐஸ்கட்டி நேரத்துக்குப் போடத் துப்பில்ல, பையன் ஆசையா அனுப்புனது அத்தனையும் போச்சு" என்று சொன்னேன். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டு மாடிப்படியும் ஏறி அதைத் திருத்த என் முழங்கால் இடம் கொடுக்காது. அச்சில் வந்தால் எல்லோரும் படிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு, படிக்கத் தெரிந்தவர்கள் பர்மிய மொழியில் எடுத்துச் சொல்லட்டும்.

அவசரத்துக்குக் காரணம் உனக்கே தெரியும். திஞ்சான் தண்ணீர்த் திருநாள் முடிவதற்குள் அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊர் திரும்புவதா என்று நீ சொல்லியாக வேண்டும். பூ பூத்தால் வருவேன், பூக்காவிட்டால் இருந்துவிடுவேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்? கிழங்குப் பண்ணையில் கூலிக்கு நிற்கும் நீ, ஐஸ்பெட்டியில் வைத்து அந்தக் கிழங்குக்குள் குளிர்காலத்தை ஏற்றினால் பனியே விழாத ரங்கூனிலும் வீட்டுக்குள் பூக்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தாய். உன் மாமியார் இன்சீன் சந்தையில் புத்தர் மாடத்துக்குப் பூ விற்கிறவர். மாசியில் யாரிடமும் இல்லாத பூ அவர் கடையில் இருந்தால் நீயும் நிலாரும் அதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அது தப்பான கணக்கு இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் கணக்கு சரி. அவள் வேலையும் சரி. நடுவில் நான் இருந்தேன்.

நிலார் என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா? கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் பெயரை நான் சொன்னதே இல்லை. உன்னிடம் பேசும்போது 'அந்தப் பொண்ணு', அவளிடம் பேசும்போது 'ஏம்மா', மற்றவர்களிடம் 'பர்மாக்காரி'. உன் கல்யாணத்துக்கு வந்தேன், நின்றேன், தாலி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு வாய் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தின்றேன். அது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாள் பானையைக் கழுவியவள் அவள்தான்.

இப்போது என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குத் தொழிலை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்துப்போன ஐஸ்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து, பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்துத் தெரிந்துகொண்டேன். நம் வீடு இருக்கிற பசுந்தாங் ஓடைப்பக்கம் மீனும் இறாலும் வைக்கிற பெட்டிகளில் என் கை படாதது குறைவு. பர்மியர்கள் என்னை 'சயா' என்றார்கள். வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கும் கிடைத்தது. அப்படிப்பட்டவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, நீ குளிரைப் பற்றிய ஒரு காரியத்தை ஆரம்பிக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெப்பமானி உன் மனைவி பெயருக்கு வருகிறது. எத்தனை பாகை, எத்தனை வாரம் என்ற குறிப்பெல்லாம் அவள் போனுக்கு வருகிறது. "அப்பாகிட்ட கேளு" என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். நான் செய்த தப்பு என்னுடையது. இந்த ஒன்று உன்னுடையது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிழங்குப் பெட்டி வந்தது ஐப்பசி மழையில். நிலார் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, துளை போட்ட காகிதப் பைகளில் போட்டுக் கீழ்த்தட்டில் அடுக்கினாள். பிறகு கதவில் ஒரு தாளை ஒட்டினாள். மேலே பர்மிய எழுத்து, கீழே எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதின தமிழ்: 'பழம் உள்ளே வேண்டாம்.' நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"ஏம்மா, என் ஐஸ்பெட்டிக்கே சட்டம் போடுறியா?"

"சட்டம் இல்ல மாமா. பழம் மூச்சு விடும். அந்த மூச்சு பட்டா கிழங்குக்குள்ள இருக்கிற குட்டிப் பூ செத்துப் போவும். அவரு சொன்னாரு."

"பழம் மூச்சு விடுமா? அப்ப கத்திரிக்கா கொட்டாவி விடுமா?"

அவள் சிரித்துவிட்டாள். கையால் வாயை மூடிக்கொண்டு, "ஹொக்கே மாமா" என்றாள். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற மரியாதையான சொல் அது. அவள் எதற்கும் அதைச் சொல்வாள். நான் திட்டினாலும் அதுதான், பாராட்டினாலும் அதுதான். பாராட்டியதாக நினைவில்லை. அன்று சிரிப்போடு அது முடிந்திருக்கலாம். ஆனால் டீக்கடையில் மாரிமுத்து, "என்ன சயா, வீட்ல வெங்காயத்துக்குத் தாலாட்டுப் பாடுறாங்களாமே? உங்க தட்டு மேலயா கீழயா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகையில் உன் அம்மாவின் திதி வந்தது. படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் அவள் விரும்பிக் கேட்டது ஆப்பிள் ஒன்றுதான், அதனால் திதிக்கு ஆப்பிள் வைப்பது நம் வீட்டு வழக்கம். மூன்று நாள் முன்பே நல்லதாகப் பார்த்து ஒன்பது வாங்கி வந்தேன். வெளியே வைத்திருந்தால் அந்தப் பருவத்தில் மூன்று நாள் ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியும். ஆனால் ஐஸ்பெட்டி முன்னால் நின்று அந்தத் தாளைப் பார்த்தேன். இது என் பெட்டி. நானே வாயு ஏற்றி, நானே கதவு ரப்பர் மாற்றி, உன் அம்மாவுக்காகச் செய்த பெட்டி. அவள் திதிக்கு வாங்கின பழத்தை அதில் வைக்கக் கூடாதாம். அப்படித்தான் நினைத்தேன். மேல்தட்டில் உன் அம்மாவின் பழைய தயிர்ச் சட்டி இருக்கிறதே, பெரிய மண்சட்டி, மூடி சரியாகப் பொருந்தாதது, அதைக் கழுவித் துடைத்து ஆப்பிளை அதற்குள் போட்டு மூடினேன். நிலாருக்குத் தயிர் வாடை ஆகாது. அதோடு மாமியார் புழங்கின பாத்திரம் என்று அதை அவள் தொடவும் மாட்டாள். இரண்டும் தெரிந்துதான் அந்தச் சட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கும் சொல்ல முடியாதபடி என் கையே சாட்சி வைத்துவிட்டது.

திதி முடிந்தது. மூன்று பழம் படையலுக்குப் போயிற்று. மிச்சம் ஆறை வெளியே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் ஐஸ் வாங்கக் கீழே போகும்போது ஒன்றை எடுத்து வெட்டித் தின்பேன். கதவைச் சாத்தி, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே மெல்லுவேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இதைச் செய்தான் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் நீ இதை மறதி என்று நினைத்துக்கொள்வாய். மறதி இல்லை, தம்பி. கொஞ்ச நாளில் எனக்கே அலுத்துவிட்டது. அடியில் ஒன்று கிடந்ததை மட்டும் மறந்தேன். தையில் கிழங்கை நட எடுக்கும் வரைக்கும் அந்த ஒன்று அதன் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பழம் மூச்சு விடுமா என்று நான் கேட்டது நடிப்பு. உன் அம்மா அரிசிப் பானைக்குள் காய்வாழையோடு ஒரு பழத்தையும் சேர்த்துப் புதைத்து வைப்பாள், மூன்றாம் நாள் எல்லாம் பழுத்திருக்கும். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்தவன் நான். ஒரு பழத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏதோ போகிறது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பெண் வாயிலிருந்து வந்ததால் தெரியாது என்றேன்.

அவள் என்ன செய்தாள் என்பதை நீ போனில் முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். மின்சாரம் நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. வருகிறபோது தெரு முழுக்க "மீ லாபி!" என்று கத்துவார்கள். அவள் கத்த மாட்டாள், நேராக வெப்பமானியைப் போய்ப் பார்ப்பாள். போகிறபோது ஐஸ்பெட்டியின் மேல் பழைய கம்பளியையும் சாக்கையும் போர்த்துவாள், குளிருகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. ஓடைப்பக்கம் ஐஸ் உடைக்கிற கடைக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நாலு மாடி. பாதியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். மீதியைப் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில், பேப்பரும் பலகாரமும் ஏற்றுகிற அதே கயிற்றில் பையோடு கட்டிவிட்டு, மேலே வந்து மூச்சு வாங்க இழுப்பாள். நான் பால்கனியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கயிறு கம்பியில் மாட்டிக்கொண்டது. "மாமா, கொஞ்சம்..." என்றாள். "ஐஸ்பெட்டிக்கு ஐஸ் வாங்கிப் போடுற வீட்டை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொன்னேனே தவிர எழுந்திருக்கவில்லை. அவளே குனிந்து சிக்கலை எடுத்தாள். உறைந்துபோனாலும் கிழங்கு செத்துவிடும் என்பதால் ஐஸ் பைக்கும் கிழங்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று அவளே சோதித்துக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல். அதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அது தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பதினாலு வாரம் முடிந்து, தை நடுவில் தொட்டிகளில் நட்டாள். பின்னறைதான் வீட்டில் குளிர்ந்த இடம் என்று அவள் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டு அதைக் கிழங்குக்குக் கொடுத்தாள். முளை வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாத் தொட்டியிலும் பச்சையாக, கூராக. நானும் குனிந்து பார்த்தேன், சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பழம் ஒன்றும் செய்யவில்லை பார், நான்தான் சரி என்ற சந்தோஷம். இலை விரிந்தது. இலைக்கு நடுவில் மொக்கு வர வேண்டிய இடத்தில், எரிந்த காகிதம் மாதிரி பழுப்பாக ஒன்று சுருண்டிருந்தது. ஒரு தொட்டியில் இல்லை, எல்லாவற்றிலும். அவள் கத்தியால் ஒன்றை நீளவாக்கில் பிளந்து உன்னிடம் போனில் காட்டினாள். அவள் குரல் சிறுத்துவிட்டது.

நீ முதலில் சரியான கேள்வியைத்தான் கேட்டாய். "அப்பா, யாராவது உள்ள பழம் வச்சீங்களா?" என்றாய். நிலார் உடனே, "இல்ல, இல்ல, நான் வைக்கல" என்றாள். எனக்கு அந்த ஒரு நொடி இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்: "பழம் வைக்கக் கூடாதுன்னுதான் கதவுலயே எழுதி ஒட்டியிருக்கே. யாருப்பா வைப்பா?" அவள் ஒட்டின தாளையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்தேன். பொய் என்றுகூடச் சொல்ல முடியாத பொய். அதன்பிறகு நீ, "அப்ப குளிர்தான் விட்டிருக்கு. ஒரு ஐஸ்கட்டி, நிலார். பதினாலு வாரம் ஒரு ஐஸ்கட்டி, அதுதானே கேட்டேன்?" என்றாய். "போட்டேன்" என்றாள். "போட்டிருந்தா ஏன் இப்படி ஆவுது?" என்றாய். "போட்டேன்" என்று மறுபடியும் சொன்னாள். "சரி விடு, நான் இங்கயே கையெழுத்துப் போட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஐந்து வாரமாக யோசித்துப் பார்த்தேன். நீ சின்னவனாக இருந்தபோது ஒரு சாப்பாட்டுக் கடையில் இறால் பெட்டியை ரிப்பேர் பார்த்தேன். குளிர் நிறுத்தும் திருகைத் தப்பாக வைத்துவிட்டு வந்தேன், இறால் முழுதும் நாறிப்போயிற்று. சமையல்காரன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று சொன்னேன். அவன் வேலை போயிற்று. உன் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் சோறு எடுத்து வைக்கிறேன்" என்றாள். நான் போகவில்லை. படித்துச் சான்றிதழ் வாங்கினவன் தப்புச் செய்தால் அது ஒரு தப்பு, அவ்வளவுதான். என்னைப் போலத் தானாகக் கற்றவன் ஒரு தப்பை ஒத்துக்கொண்டால், இவனுக்கு முதலிலிருந்தே ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். அப்படி நினைத்தே ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டேன். விவசாயக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தபோது, மண்ணைக் கிண்டவா உன்னைப் பெற்றேன் என்று தடுத்ததும் தப்புத்தான். நீ அங்கே அயல்நாட்டு மண்ணைக் கூலிக்குக் கிண்டுகிறாய். அதையும் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது வேறு கடிதத்துக்கு உரிய விஷயம்.

மூன்றாம் நாள் நிலார் ஒரு பையோடு வந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல மாமா, இன்சீனுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். சரி என்றேன். பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடப் போகவில்லை. மறுநாள் காலை தயிருக்கு உறை ஊற்றலாம் என்று ஐஸ்பெட்டியைத் திறந்தால் உன் அம்மாவின் சட்டி இல்லை. கழுவிக் கவிழ்த்து மேடையில் வைத்திருந்தாள். சாமி அலமாரிக்கு வந்தேன். உன் அம்மா படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் தோல் சுருங்கிப்போன அந்தக் கடைசி ஆப்பிள். பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர், அவர்கள் புத்தருக்கு வைக்கிற மாதிரி. அது உன் அம்மா திதிக்கு வாங்கின பழம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாமே தெரிந்துவிட்டது. குப்பையில் போட்டிருக்கலாம். படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கலாம். யாருக்கு வாங்கினதோ அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஏறி இன்சீன் போனேன். சந்தையில் உன் மாமியார் டோ சான் கடையில் நிலார் பூத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடத்தான் போனேன். டோ சான் என்னைப் பார்த்ததும், "சயா, வாங்க, உக்காருங்க, எவ்வளவு இளைச்சுட்டீங்க!" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மகள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான், "இந்தப் பக்கம் மோட்டார் ஒண்ணு பார்க்க வந்தேன்" என்றேன். மறுபடியும் பொய். பழகின வாய். டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். நிலார் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தாள். பிளாட்பாரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, மொத்தம் எத்தன பழம்?"

"ஒன்பது."

"எத்தன நாள் இருந்துச்சு?"

"திதிக்கு மூணு நாள் முன்னாடி வச்சேன். அந்தக் கடைசி ஒண்ணு... நீ எடுத்த வரைக்கும்."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்ப என் ஐஸ் சரியா இருந்துச்சா?"

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். நாலு வாரமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். நான் செய்ததை அவள் யோசிக்கவில்லை, தன் வேலை சரியா என்று யோசித்திருக்கிறாள். "ஐஸ் சரிதாம்மா" என்றேன். ரயில் வந்துவிட்டது. "பார்த்து ஏறுங்க மாமா" என்று என் குடையை ஜன்னல் வழியாக நீட்டினாள். 'சரிதாம்மா' என்ற ஒரு சொல் போதாது என்று வீடு வந்து சேரும் வரைக்கும் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் இங்கே, கோவில் மலரைப் படிக்கிற எல்லோருக்கும் முன்னால், தொழில் தெரிந்தவனாக எழுதுகிறேன். மின்சாரம் பாதி நாள் இல்லாத ஊரில், பழைய பெட்டியில், ஐஸையும் சாக்கையும் வைத்துப் பதினாலு வாரம் குளிரை ஒரே அளவில் நிறுத்தினாள் என் மருமகள் நிலார். வெப்பமானியை அவளுக்குத் தெரியாமல் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தப்புக் கண்டுபிடிக்க. ஒரு நாளும் கிடைக்கவில்லை. இந்த வேலையை என்னால் செய்திருக்க முடியாது.

இனி ஆக வேண்டியது. நான் செய்ய வேண்டியது: இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இன்சீன் போய், டோ சானுக்கு முன்னால், அவருக்குப் புரிகிற மொழியில், நான் செய்ததைச் சொல்வது. மோட்டார் பார்க்க வந்தேன் என்றதும் பொய் என்று சொல்வது. கோவில் மடப்பள்ளியில் அந்த நாலு பேரிடமும் வாயால் சொல்வது, மலரில் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல். திஞ்சான் முடிந்ததும் கிழங்குக்கென்று தனியாக ஒரு பெட்டி கட்டுவது. சுவர் இரட்டைக் கனம், மின்சாரம் எட்டு மணி நேரம் போனாலும் குளிர் குறையாதது. அது எனக்கு வரும். எவ்வளவு அகலம், எங்கே ஐஸ், எங்கே கிழங்கு என்பதையெல்லாம் நிலாரைக் கேட்டுத்தான் பலகையை அறுப்பேன். சாவி ஒன்றுதான் செய்வேன், அது அவளிடம் இருக்கும்.

நீ செய்ய வேண்டியது: கையெழுத்துப் போடாமல் இரு. இது என் கட்டளை இல்லை, கட்டளை போடும் யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது. பொய்யான காரணத்தால் எடுத்த ஒரு முடிவில் நீ கையெழுத்துப் போடக் கூடாது என்பதால் சொல்கிறேன். இதைப் படித்த உடனே அவளுக்குப் போன் செய். அப்பாதான் காரணம் என்று ஆரம்பிக்காதே. அவளைத் திட்டினது உன் வாய், அதற்கு நீ தனியாக மன்னிப்புக் கேள். பதினாலு வாரமும் என்னென்ன செய்தாள் என்று அவளைச் சொல்லச் சொல், குறுக்கே பேசாமல் கேள். வருகிற ஐப்பசிக்கு மறுபடி கிழங்கு அனுப்புவதா, நீயே கொண்டு வருவதா என்பதை அவள் சொன்ன பிறகு முடிவு செய். என்னோடு சண்டை போட வேண்டும் என்றால் வந்து நேரில் போடு, போனில் வேண்டாம், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

நிலார் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் மன்னிக்க வேண்டும் என்று நீயும் கேட்காதே, டோ சானையும் கேட்கச் சொல்லாதே. பசுந்தாங் வீட்டுக்கு அவள் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். ஒருவேளை வந்தால், நாலு மாடி இறங்கிப் போய் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியது நான்.